கழிக்காமல் விட்ட ஜன்னல்

மேட்டுப்பாளையத்தில் ஒரு லோடு ஜல்லிக்கு இரண்டு விலை உண்டு. ஊருக்குள் இறக்கினால் ஒன்று, கல்லாறு தாண்டி மலை ஏறினால் இன்னொன்று. குவாரி அதேதான், லாரி அதேதான், ஜல்லியும் அதே அளவுதான். பர்லியாற்று வளைவுகள் நடுவில் வந்துவிடுகின்றன, அவ்வளவே. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள். லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வேறு. வண்டி அடிவாரத்தில் நிற்கும், டிரைவர் பேட்டா ஓடும், மேலே தளம் போட வந்த ஆட்கள் கூலி ஏற உட்கார்ந்திருப்பார்கள். எஸ்டிமேட் போடுகிறவன் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காதவனுக்கு மலை யோசிக்கக் கற்றுக்கொடுத்துவிடும்.

பாலிடெக்னிக் முடித்து, காண்டிராக்டர்களிடம் பில் எழுதி, பிறகு சொந்தமாக எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவன் நான். டேப், ஸ்கேல், கால்குலேட்டர், இவைதான் என் முதலீடு. பி.என்.தத்தாவின் எஸ்டிமேட் புத்தகம் அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்து, இன்னும் அலமாரியில் இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேரன் இப்போது அதே தொழிலில்தான் இருக்கிறான், ஆனால் டேப்பைத் தொட்டதே இல்லை. சரவணம்பட்டிப் பக்கம் ஓர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் கட்டப்போகிற கட்டடத்துக்குக் கம்ப்யூட்டரில் மாடல் போட்டு, அதிலிருந்து செங்கல் எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று அளவு எடுத்துக் கொடுக்கிறான். கோவையில் இன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இதுதான் சோறு.

"அப்பிச்சி, ஒரு பட்டன் அமுக்குனாப் போதுமுங்க, அளவு பூரா பட்டியலா வந்துரும்" என்றான் போன பொங்கலுக்கு வந்தபோது.

வந்தது. நான் பொய் சொல்லப் போவதில்லை, வியந்துதான் போனேன்.

எங்கள் காலத்தில் படம் என்றால் தாளில் கோடு. சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று தெரிவது பார்க்கிறவன் மனதில்தான். மையக்கோட்டு முறையில் சுவர்களின் நீளத்தையெல்லாம் கூட்டி, ஒரு சுவர் இன்னொன்றில் முட்டும் இடங்களில் பாதி அகலம் கழித்து, கடக்கால் முதல் பாரபெட் வரை அடுக்கடுக்காக எழுதுவோம். முழுதும் எழுதி முடித்த பிறகு வீட்டுக்காரம்மா சமையலறையை இரண்டடி நகர்த்தச் சொல்வார். அன்றிரவு தூக்கம் போச்சு. இவர்கள் போடும் மாடலில் சுவர் ஒரு பொருளாகவே இருக்கிறது. என்ன செங்கல், எத்தனை அங்குலம், எந்த மாடி, எல்லாம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சமையலறையை நகர்த்தினால் செங்கல் கணக்கும் பூச்சுக் கணக்கும் டைல்ஸ் கணக்கும் தாமாகவே நகர்ந்துகொள்கின்றன.

இதன் வித்து பழசு. சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1975-லேயே, கட்டடத்தைக் கோடுகளாக அல்லாமல் பொருள்களாகக் கம்ப்யூட்டரில் வைத்தால் அளவுகளை அதிலிருந்தே எடுக்கலாம் என்று எழுதிவிட்டார். பேரன் ஓட்டுகிற ரெவிட் மென்பொருள் 2000-இல் வெளிவந்தது, 2002-இல் ஆட்டோடெஸ்க் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஒரு கம்பெனி மாடலை இன்னொரு கம்பெனி மென்பொருள் படிக்க ஐ.எஃப்.சி. என்று ஒரு பொது வடிவம் உண்டு. 2013-இல் அது சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோவை 5டி முறையில் நிர்வகித்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்று, நான்காவது காலம், ஐந்தாவது செலவு. எந்தத் தூண் எந்த வாரம் எழும்பும், அதற்கு எவ்வளவு பணம் போகும் என்பது மாடலோடு கட்டப்பட்டிருக்கும்.

ஆக, வயதானவர்கள் வழக்கமாகப் பாடுகிற "அந்தக் காலம் போல வருமா" பாட்டை நான் பாடவில்லை. கூட்டலில் அந்த இயந்திரம் என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்கிருந்த சந்தேகம் வேறு.

அவன் திரையில் காட்டியது 30-க்கு 40 அடி தளம், 5 அங்குலக் கனம். வாயாலேயே போடலாம், 500 கன அடி, நம் ஊர்க் கணக்கில் 5 யூனிட். தளத்துக்குக் கீழே 9 அங்குல அகலத்தில், 15 அங்குல ஆழத்தில் பீம்கள், மொத்தம் ஏறக்குறைய 200 அடி ஓடுகின்றன. பீமின் ஆழத்தைத் தளத்தின் மேல்மட்டத்திலிருந்துதான் சொல்வது வழக்கம். அதாவது 15 அங்குலத்தில் மேல் 5 அங்குலம் தளத்துக்குள்ளேயே இருக்கிறது.

"கண்ணு, அந்த அஞ்சு அங்குலத்தை எதுல சேத்துச்சு, பீம்லயா ஸ்லாப்லயா?"

கொஞ்ச நேரம் மௌஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் வந்துருக்குதுங்க அப்பிச்சி" என்றான். இரண்டையும் ஒழுங்காக இணைத்து வரைந்தால் மென்பொருளே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இணைக்காமல் விட்டால் அது என்ன செய்யும், பாவம்? அடிக்கு 0.3125 கன அடி வீதம் 200 அடிக்கு 62.5 கன அடி இரட்டிப்பு. தளத்தின் கான்கிரீட்டில் எட்டில் ஒரு பங்கு. எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் என்று வைத்தால் 14 மூட்டை காற்றில். பட்டியலில் எண் மூன்று தசமத் துல்லியத்தோடு அழகாக நின்றது. தசமப் புள்ளிகளைப் பார்த்து மயங்கக் கூடாது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

இது கவனக்குறைவு, திருத்திவிடலாம். திருத்தவே முடியாத, திருத்தவும் கூடாத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஒரு சுவர்ப் பூச்சை எடுத்துக்கொள்வோம். சுவரில் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர். அந்த ஓட்டைகளில் பூச்சு கிடையாது, ஆகவே கழித்துவிட வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். மாடலும் அப்படியே கழிக்கும். ஆனால் கட்டட வேலைகளை அளப்பதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 1200 வேறு மாதிரி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரை உள்ள ஓட்டையைக் கழிக்கவே வேண்டாம். அரைக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை இருந்தால் சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழி, மறுமுகத்துக்குக் கழிக்காதே. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு முகமும் கழித்துவிட்டு, ஓரங்களின் பூச்சைத் தனியாகச் சேர்த்துக்கொள். இரண்டடிக்கு ஒன்றரை அடி வென்டிலேட்டர் 0.28 சதுர மீட்டர்தான். கழிவு கிடையாது. மூன்றடிக்கு ஏழடிக் கதவு 1.95. ஒரு பக்கம் மட்டும்.

ஏன் இப்படி? ஜன்னலைச் சுற்றிக் கொத்தனார் ஓரம் பிடிக்க வேண்டும். பக்கவாட்டு, மேல்புறம், கீழ்ப்புறம் என்று கையகல இடங்களில் மட்டப்பலகை நுழையாது, கரணையால்தான் தேய்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டு மூலை பார்க்க வேண்டும். வெறும் சுவரில் அரை நாளில் முடிகிற பரப்பு, ஜன்னல் உள்ள சுவரில் முக்கால் நாள் இழுக்கும். கலவை குறைகிறது, கைவேலை கூடுகிறது. குறைந்ததையும் கூடியதையும் நேர் செய்யத்தான் அந்த ஜன்னலைக் கழிக்காமல் விட்டார்கள். உழைக்கிறவன் பக்கம் நின்று யாரோ ஒருவர் யோசித்து எழுதிய விதி அது. அரசாங்கத் தாளில் இவ்வளவு இதம் இருப்பதைக் கண்டு நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இப்போது மாடல் கொடுத்த நிகரப் பரப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் போகிறார். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, நீ ஏன் கூடக் கேக்கற?" மேஸ்திரிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஐ.எஸ். 1200-உம் தெரியாது. ஆனால் தன் தோள்பட்டை வலி தெரியும். சண்டை வருகிறது. காரமடைப் பக்கம் இப்படி ஒரு பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே நேர்மையானவர்கள், இரண்டு பேர் எண்ணும் சரி. அதுதான் விஷயமே.

ஒரே சுவருக்கு மூன்று அளவு உண்டு, மூன்றும் மெய். சுவர் உள்ளபடி எவ்வளவு என்பது ஒன்று, மாடல் தருவது அது. செய்தவனுக்கு எவ்வளவுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது, விதியும் வழக்கமும் தருவது அது. கடையில் எவ்வளவு வாங்க வேண்டும் என்பது மூன்றாவது. உடைசல், சிந்தல், துண்டு எல்லாம் சேர்ந்தது அது. கம்பி 12 மீட்டர், ஏறக்குறைய 40 அடி நீளத்தில் வருகிறது. 12 எம்.எம். என்றால் ஒரு கம்பி 10.66 கிலோ. உங்கள் அறை 22 அடி என்றால் மீதித் துண்டு ஒன்று மிஞ்சத்தான் செய்யும். அது படத்திலும் இல்லை, மாடலிலும் இல்லை, எடைச் சீட்டில் இருக்கிறது. ஐ.எஃப்.சி. வடிவத்தில்கூட ஒரு சுவருக்கு மொத்தக் கன அளவு, நிகரக் கன அளவு என்று தனித்தனியாகத்தான் இடம் வைத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் எது எதற்கென்று தெரியாமல் போகிறது.

எண்ணைப் பார்த்ததும் "இது சரியா, தப்பா" என்று கேட்பது நம் பழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டியது, "இது எதற்காக எடுத்த அளவு?" என்பது. என் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் இதைத்தான் உபயோகித்தேன்.

சிறுமுகைப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் பாகப்பிரிவினை. பாக்குத் தோப்பு. மூத்தவர் திருப்பூரில் இருந்து பணம் அனுப்பியவர், அனுப்பிய தேதியும் தொகையும் நோட்டில் இருக்கிறது. இளையவர் தோப்பிலேயே கிடந்து தண்ணீர் பாய்ச்சியவர், அவரிடம் நோட்டு இல்லை. பெரியவர் நோட்டை நீட்டி, "இதுக்கு மேல என்ன கணக்கு?" என்றார். அந்த நோட்டில் ஒரு பொய் கிடையாது. ஆனால் அது பணம் அனுப்பியதற்காக எழுதின நோட்டு, தோப்பு வளர்ந்ததற்காக எழுதினது இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்ல ஒரு சாயங்காலம் பிடித்தது. கடைசியில் பெரியவரே, "தம்பி இருந்த வருசத்துக்கு ஒரு கூலி போடுங்க" என்றார். எழுதியிருப்பதை நம்பலாம். எழுதாமல் விட்டது ஒன்றுமே இல்லை என்று நம்புவதில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

மாடலில் எழுதாமல் விடுபவை ஏராளம். சென்ட்ரிங் பலகையும் முட்டும் பெரும்பாலும் இருக்காது. சாரம் இருக்காது. கட்டுக்கம்பி இருக்காது. வீட்டு மாடல்களில் கம்பியே வரையாமல், கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று தோராயம் போடுவார்கள். கியூரிங் தண்ணீர் எந்த மாடலிலும் இல்லை. சாதாரண சிமென்டுக்கு 7 நாளாவது, சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளாவது ஈரம் காயக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. தளத்தில் பாத்தி கட்டி, விடிகாலையில் தண்ணீர் விடுகிறவர் பெரும்பாலும் சித்தாள் வேலைக்கு வந்த ஒரு பெண்மணியாகவோ வாட்ச்மேன் மனைவியாகவோ இருப்பார். கான்கிரீட்டின் பலம் பாதி அவர் கையில். மளிகைச் சீட்டில் உப்பு விட்டுப்போனால் பந்தியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவர் விட்டுப்போனது சில வருடம் கழித்து, தளம் வெடித்து ஒழுகும்போதுதான் தெரியும்.

மண்ணும் மணலும் இன்னொரு வேடிக்கை. தூண் குழி 4-க்கு 4 அடி, 5 அடி ஆழம் என்றால் 80 கன அடி. பன்னிரண்டு குழிக்கு 960. மாடல் சரியாகச் சொல்லும். தோண்டி மேலே போட்ட மண் இளகி, கால்வாசி கூடி 1,200 கன அடிக்கு நிற்கும். லாரிக்காரர் அள்ளுவது அதைத்தான். மணலில் ஈரம் 5 சதவீத அளவில் இருந்தால் உப்பிக்கொள்ளும், பொடி மணல் கால்பங்குக்கு மேலும் கூடும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும். நீலகிரி அடிவாரத்தில் ஐப்பசி மழைக்கு நனைந்த எம்-சாண்ட் குவியலை யூனிட் கணக்கில் வாங்கினால், மணலோடு காற்றையும் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். எடையில் வாங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீருக்குக் கொடுப்பீர்கள். எப்படியும் காய்ந்த நாளில் வாங்குவது உத்தமம்.

எங்கள் ஊரின் பெருமை மலை ரயில். அதுவும் ஒரு எஸ்டிமேட் கதைதான். 1854-லேயே யோசனை எழுந்தது. 1891-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். மூன்றே வருடத்தில் அந்த முதல் கம்பெனி பணம் முடிந்து கலைக்கப்பட்டது. பிறகு வேறு கம்பெனி வந்து 1899-இல் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுபோனது, 1908-இல் அது ஊட்டி வரை போய்ச் சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், அதிகபட்சமாக 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்று டேப் எடுத்து யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். கட்டி முடித்ததை அளப்பது சுலபம். கட்டுமுன் மலை என்ன கேட்கும் என்று அளந்தவர்கள் திவாலானார்கள்.

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்றும் இந்த ஊரில் உண்டு. 2019 டிசம்பர் 2 அதிகாலை, அடைமழையில், நடூரில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து கீழே இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர், குழந்தைகள் உட்பட, போய்விட்டார்கள். அளவுப் பட்டியலில் சுவர் என்பது நீளம், உயரம், அகலம் பெருக்கி வருகிற ஒரு வரி. 15 அடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கருங்கல் சுவரை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 5 டன். அந்த எடை யார் தலைக்கு மேலே நிற்கிறது, பின்னால் மண் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறதா என்பதற்கெல்லாம் பட்டியலில் கட்டம் கிடையாது. ஆஸ்திரேலிய வீட்டுக்கு அளவு எடுத்தாலும் சரி, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார் என்று பேரனிடம் சொன்னேன். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

எங்கள் காலத்து எம்-புக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு அச்சிலேயே எண் இருக்கும், கிழிக்க முடியாது. மையில்தான் எழுத வேண்டும். தவறு வந்தால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்த எண்ணும் தெரிய வேண்டும், அடித்தவரும் தெரிய வேண்டும். அளந்தவர் கையெழுத்துக்குக் கீழே, மேலதிகாரி மறுபடி சில அயிட்டங்களை டேப் பிடித்துச் சரிபார்த்து ஒப்பமிடுவார். இப்போது அரசு வேலைகளிலேயே கம்ப்யூட்டர் அளவுப் புத்தகம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் பேரன் மெயிலில் அனுப்புகிற பட்டியலில் அடித்த கோடும் இல்லை, அடித்தவர் பெயரும் இல்லை. நேற்றைய எண் ஏன் இன்று மாறியது என்று கேட்டால், "மாடல் அப்டேட் ஆயிருச்சுங்க" என்கிறான். மாடல் தானாக அப்டேட் ஆகாது. யாரோ ஒருவர் எதையோ மாற்றியிருக்கிறார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலைக் கற்க லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை. பிளெண்டர் இலவச மென்பொருள். அதன் மேல் போன்சாய் என்ற இணைப்பைப் போட்டுக்கொண்டால் ஐ.எஃப்.சி. மாடலைத் திறந்து அளவு எடுத்துப் பழகலாம், அதுவும் இலவசம். முதலில் உங்கள் வீட்டுப் படுக்கையறையை மாடலாகப் போடுங்கள். அளவு எடுங்கள். பிறகு ஒரு டேப்பை வாங்கி அதே அறையைச் சுவர் சுவராக அளந்து, ஐ.எஸ். 1200 விதிப்படி ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு வரியாகத் தேடிக் கண்டுபிடியுங்கள். பேரனை உட்கார வைத்து நான் செய்ய வைத்தது இதைத்தான். முதல் நாள் முணுமுணுத்தான், இரண்டாம் நாள் ஜன்னல் ஓரத்தை அவனாகவே விரல் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு இன்னொன்று. உங்கள் இன்ஜினியர் மாடலிலிருந்து எடுத்த அளவுப் பட்டியலை நீட்டினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரே ஒரு பக்கம் எழுதிக் கேளுங்கள். இது வாங்குவதற்கான அளவா, கூலி கொடுப்பதற்கான அளவா, எந்த விதிப்படி கழித்தது, எவையெல்லாம் இதில் சேரவில்லை, எடுத்தவர் யார், எந்தத் தேதி மாடலில் எடுத்தது. கீழே கையெழுத்து. அந்தப் பக்கம் வந்து சேரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.